காலிங் பெல் முதல்ல அடிக்கணும்

இன்னைக்கு எபிசோட் ஒரு காலிங் பெல்லைப் பற்றி. சிரிக்காதீங்க, அதை ஒழுங்கா வேலை செய்ய வைக்க எனக்கு ரெண்டு தடவை தேவைப்பட்டது.

பிரச்சினை சின்னதுதான். அம்மாவுக்கு முட்டி வலி. பகல்ல வீட்டில் தனியா இருப்பாங்க. பெல் அடிச்சா ஹாலில் இருந்து கேட் வரைக்கும் நடந்து போய்ப் பார்க்கணும். பாதி நேரம் ஏதாவது விற்க வந்தவங்களா இருக்கும். வந்திருப்பது யாருன்னு உட்கார்ந்த இடத்திலேயே தெரியணும், அவ்வளவுதான் தேவை.

கடையில கிடைக்கிற வீடியோ டோர்பெல் ஏன் வாங்கலைன்னு கேட்பீங்க. ஒயர் போட்டு மாட்டும் வெளிநாட்டு மாடல்கள் பலதும் 16 முதல் 24 வோல்ட் ஏசி டிரான்ஸ்ஃபார்மரை எதிர்பார்க்கும். நம்ம வீடுகள்ல பெல் சுவிட்சுக்கு நேரா 230 வோல்ட்தான் வருது. எங்க வீட்டில் ஏற்கெனவே சிசிடிவி, என்விஆர், பிஓஇ சுவிட்ச் எல்லாம் இருந்தது. அதை வச்சே செய்யலாம்னு இறங்கினேன்.

முதல்ல கேமரா. பழைய கேமரா பத்தடி உயரத்தில் இருந்ததால, வந்தவரோட ஹெல்மெட்தான் தெரிஞ்சது. அதனால கேட் தூணில் அஞ்சடி உயரத்தில் சின்னதா ஒரு ஐபி கேமரா மாட்டினேன். பிஓஇ என்பதால் கரண்டும் டேட்டாவும் ஒரே கேபிள்ல போகுது. கேட் பக்கம் வைஃபை வீக்கா இருப்பதும் பிரச்சினை இல்லை. வாங்கும்போது ஒன்விஃப், ஆர்டிஎஸ்பி ரெண்டும் இருக்கான்னு மட்டும் பாருங்க. இருந்தா எந்த சாஃப்ட்வேரிலும் படம் எடுக்கலாம்.

அடுத்தது பட்டன். இங்கதான் நான் சொதப்பினேன். பட்டனை ஈஎஸ்பி32 போர்டில் இணைச்சேன். அது வைஃபை வழியா ஹோம் அசிஸ்டென்ட்டுக்குச் சொல்லும், அது ஸ்பீக்கரை அடிக்க வைக்கும். டெமோ பிரமாதம். ஆனா தண்ணி மோட்டார் போட்டாலே பெல் தானா அடிக்க ஆரம்பிச்சது. நீளமான ஒயர் ஆன்டெனா மாதிரி நாய்ஸைப் பிடிச்சிருக்கு. அதைக்கூடச் சமாளிச்சிருப்பேன். ஒரு நாள் ரௌட்டர் ஹேங் ஆயிடுச்சு. கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் அழுத்திப் பார்த்துட்டுப் போயிட்டார். அம்மா ஆஃபீஸுக்கு போன் பண்ணினாங்க: "பழைய பெல்லே நல்லா இருந்துச்சுடா. அழுத்தினா அடிக்கும்."

இதைவிடத் தெளிவான பக் ரிப்போர்ட் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

ரெண்டாவது வெர்ஷன்ல மென்பொருளை பெல்லின் வழியில் இருந்து எடுத்துட்டேன். கேட்டுக்குப் போகும் ஒயரை மெயின்ஸில் இருந்து கழற்றி, 12 வோல்ட் டிசி கொடுத்தேன். பட்டனை அழுத்தினா வீட்டுக்குள்ள இருக்கும் ரெண்டு ரிலே சேர்ந்து இழுக்கும். ஒண்ணு பழைய பெல்லுக்கு 230 வோல்ட்டை விடும். இன்னொண்ணு ஈஎஸ்பி32-க்குத் தகவல் சொல்லும். 230 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் ஒரே ரிலேக்குள்ள வரக்கூடாதுன்னுதான் ரெண்டு. ஒவ்வொரு காயில் மேலேயும் ஒரு 1என்4007 டையோடு. பட்டன் 50 மில்லிசெகண்ட் அழுத்தப்பட்டிருந்தாதான் கோட் அதைக் கணக்கில் எடுக்கும்.

இப்போ ரௌட்டர் போனாலும் சர்வர் போனாலும் பெல் அடிக்கும். படம் மட்டும் வராது. 12 வோல்ட் அடாப்டர் செத்தா பெல்லும் போயிடும், உண்மைதான். அதுக்கு ஒரு ஸ்பேர் டிராயரில் இருக்கு. இன்னொரு லாபம்: மழைக்காலத்தில் நனைஞ்ச கேட் சுவிட்சில் இனி 230 வோல்ட் இல்லை. மெயின்ஸ் வேலையை மட்டும் எலக்ட்ரீஷியனை வச்சுத்தான் செய்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்க.

படம் தாமதமா வருதுன்னா ஐ-ஃப்ரேமைப் பாருங்க. கேமரா முழுப் படத்தை எப்போதாவதுதான் அனுப்பும், நடுவில் மாற்றங்களை மட்டும் அனுப்பும். 25 எஃப்பிஎஸ்ஸில் ஐ-ஃப்ரேம் இடைவெளி 50 என்றால், ஸ்ட்ரீமைத் திறந்ததும் 2 செகண்ட் வரை காத்திருக்கணும். நான் 25 ஆக்கினேன். டேப்லெட்டுக்கு எச்.264 சப்-ஸ்ட்ரீமைக் கொடுத்து, அதை எப்பவும் திறந்தே வச்சிருக்கேன்.

ஒரு எச்சரிக்கை. 2016-இல் மிராய் என்ற மால்வேர், கம்பெனி பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடிச்சு, இணையத்தின் பெரிய பெரிய தளங்களையே முடக்கியது. பாஸ்வேர்டை மாற்றுங்க. போர்ட் ஃபார்வர்டிங் வேண்டாம். வெளியில இருந்து பார்க்கணும்னா விபிஎன் போடுங்க.

எதிர்வீட்டு அக்கா, "எங்க வாசலும் தெரியுதா தம்பி?"ன்னு கேட்டாங்க. தெரிஞ்சது. அவங்களைக் கூப்பிட்டு உட்கார வச்சு, அந்தப் பகுதிக்கு பிரைவசி மாஸ்க் போட்டுக் காட்டினேன். ஆடியோ ரெக்கார்டிங்கையும் நிறுத்திட்டேன்.

இப்போ பெல் அடிச்சா அம்மா டேப்லெட்டைப் பார்க்கிறாங்க. விற்க வந்தவங்கன்னா எழுந்திருக்கறதில்லை. பூக்காரம்மான்னா முட்டி வலியோடவே போறாங்க. அது பூவுக்காக மட்டும் இல்லைன்னு எனக்குத் தெரியும்.

சந்தேகம் இருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.