உயிரணு தாங்கும் எல்லை

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் சங்கத்து விருந்தில் கடைசியாக வருவது தாம்பூலத் தட்டு. இன்றும் வரும். அத்தட்டைப் பற்றிப் பேசவே நாம் எழுந்து நிற்கின்றோம். விருந்துக்கு முன்னர் இதைச் சொல்வது முறையாகுமா என்று செயலாளர் தயங்கினார். விருந்து முடிந்தபின் சொன்னால் கேட்பதற்கு யார் இருப்பர் என்று வினவினோம், இசைந்துவிட்டார்.

நாம் மருத்துவர் அல்லோம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் புகைவண்டி அலுவலகத்தில் பேரேடு எழுத வந்தோம். ஆயினும் ஒரு காரணத்தால், உயிரணுக்களைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைத்தவற்றை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கலானோம். அக்காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

நோய் என்பது உடலின் உயிரணுக்களிலே தொடங்குவது என்று 1858 ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்துப் பேராசிரியர் ருடால்ஃப் விர்ச்சோ சொற்பொழிவுகள் ஆற்றி நிறுவினார். கண்ணுக்குப் புலப்படாத அவ்வணுவிற்கும் நெருக்கடிகள் பல. பிராணவாயு குறையும், நஞ்சு தீண்டும், இடைவிடாத உராய்வு வந்து சேரும். உடனே அது மடிந்துவிடுவதில்லை. முதலில் தன்னை மாற்றிக்கொண்டு தாங்கிப் பார்க்கின்றது. தம்பானூர் நிலையத்தில் சுமை தூக்கும் தோழர்களின் உள்ளங்கையைத் தொட்டுப் பாருங்கள். தோல் காய்த்துத் தடித்திருக்கும். அது நோயன்று, சுமைக்கு அணுக்கள் கொடுத்த விடை. எலும்பு முறிந்து கட்டுப்போட்ட கால் ஒன்றரை மாதத்தில் மெலிந்து போகின்றதே, அதுவும் அவ்வகையே. வேலை இல்லாதபோது அணு தன் செலவைச் சுருக்கிக்கொள்கின்றது.

தாங்கும் எல்லை கடந்தால் காயம். ஒவ்வோர் அணுவின் சவ்விலும் உள்ளே வரும் சோடியத்தை வெளியே இறைக்கும் பொறி ஒன்று உண்டு. அதற்கு ஆற்றல் வேண்டும். பிராணவாயு நின்றால் ஆற்றல் குன்றும், பொறி ஓயும், சோடியம் உள்ளே தங்கும், அதைத் தொடர்ந்து நீர் புகும், அணு வீங்கும். இந்த நிலையிலும் மீட்சி உண்டு. இரத்தம் திரும்பி வந்தால் அணு பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் அதற்கும் ஒரு கெடு உண்டு. இரத்தம் அற்றுப்போன இதயத் தசைக்கு அக்கெடு ஏறக்குறைய 20 முதல் 40 நிமிடம். அதனால்தான் மாரடைப்பு வந்தவரை வாயுப் பிடிப்பு என்று வீட்டில் கிடத்தி வைத்தல் ஆகாது.

கெடு கடந்த அணுவின் சாவு பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று, சவ்வு கிழிந்து உள்ளிருப்பதெல்லாம் சிதறி, அக்கம்பக்கமும் அழன்று சாவது. மற்றொன்று, இனித் தான் இருப்பது உடலுக்குத் தீங்கு என்று அறிந்தது போல அணு ஒசையின்றித் தன்னைத் தானே முடித்துக்கொள்வது. 1972 இல் இதை விளக்கிய அறிஞர் மூவர், மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை இதற்குப் பெயராக இட்டனர். இந்த உதிர்வு நடைபெறுவதால்தான் நாம் நலமாக இருக்கின்றோம். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனித் தட்டுக்கு வருவோம்.

கன்னத்தின் உட்பக்கம் உள்ளங்கை போன்றதன்று, மென்மையானது, ஈரமானது. வெற்றிலைச் சுருளை, இவ்வூரார் முறுக்கான் என்பதை, ஒரே கன்னத்தில் ஆண்டுக் கணக்காக ஒதுக்கி வைக்கின்றோம். சுண்ணாம்பு அரிக்கின்றது. பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் பொருள் ஊறுகின்றது. புகையிலையின் நஞ்சு அணுவின் கருவரை சென்று மரபுச் சரத்தைச் சேதப்படுத்துகின்றது. கன்னத்து அணுக்கள் என் செய்யும்? சுமையாளர் கை செய்ததையே செய்கின்றன. தடிக்கின்றன, காய்க்கின்றன. வெண்ணிறத் திட்டு ஒன்று தோன்றுகின்றது. துடைத்தாலும் போவதில்லை. பெரும்பாலும் வலியும் இல்லை. வலிக்காததே இதன் பொல்லாங்கு. பல் வலித்தால் விடியும்வரை பொறுக்கமாட்டோம். வெள்ளைத் திட்டை ஆண்டுகள் பொறுப்போம். சிலருக்குத் தோலுக்கு அடியில் நார் மிகுந்து கன்னம் பலகை போல் இறுகிச் சோற்றுக் கவளம் நுழைய வாய் திறவாத நிலையும் வருகின்றது. அதற்குப் பாக்கே முதற்காரணம்.

மரபுச் சரம் சேதமுற்ற அணு, ஒன்று சேதத்தைச் செப்பனிட்டுக்கொள்ளும், அன்றேல் முன்னே சொன்னபடி உதிர்ந்துவிடும். அதற்குக் காவலாக அணுவினுள்ளே ஒரு மரபணு இருக்கின்றது. அக்காவலே சேதமுற்றால், சாக வேண்டிய அணு சாகாது, பெருகும். அது புற்றுக்கு வழி. புற்றுநோய் என்றால் உடல் அழுகிச் சாவது என்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். சாக வேண்டியது சாகாமையே அதன் வேர் என்று படித்த அன்று இரவு உறக்கம் வரவில்லை. வெள்ளைத் திட்டெல்லாம் புற்றாவதில்லை, பெரும்பாலானவை ஆவதில்லை. எது ஆகும் என்பதைக் கண்ணால் மட்டும் கண்டு சொல்ல இயலாது. சிறு துணுக்கெடுத்து உருப்பெருக்கியில் பார்த்தல் வேண்டும்.

இது புதுச் செய்தியன்று. இன்று தமிழ்நாட்டின் குமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூர், 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கத்தது. அவ்வூர் மிஷன் மருத்துவமனையைச் சேர்ந்த ஐ. எம். ஓர் என்னும் மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோர்க்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933 இலேயே லண்டன் நகரத்து ‘லான்செட்’ இதழில் எழுதினார். யாழ்ப்பாணத்துப் புகையிலை கப்பலேறித் திருவிதாங்கூருக்கு வந்த பழைய வாணிகம் நம்மில் முதியோர் அறிந்ததே. புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்குதானே போடுகின்றோம் என்று தாய்மார்கள் சொல்வதுண்டு. பாக்கு மட்டுமே புற்றுண்டாக்கும் பொருள்தான் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றாய்வு முகமை 2004 இல் வெளியிட்டுவிட்டது.

இந்த நகரத்திலேயே, மருத்துவக் கல்லூரி வளாகத்தில், 1981 இல் தோன்றிய மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கின்றது. அம்மையத்தார் 1996 இல் இம்மாவட்டத்துப் 13 ஊராட்சிகளை எடுத்துக்கொண்டனர். ஏழு ஊராட்சிகளில், மருத்துவம் படிக்காத பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, 35 வயதுக்கு மேற்பட்டோரின் வாயை வீடு வீடாகச் சென்று பார்க்கச் செய்தனர். ஆறு ஊராட்சிகளில் வழக்கமான மருத்துவம் மட்டும். ஆராய்ச்சியில் அடங்கியோர் 1,90,000 பேருக்கு மேல். முடிவு 2005 இல் அதே ‘லான்செட்’ இதழில் வந்தது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, வாய் பார்க்கப்பெற்ற ஊராட்சிகளில் வாய்ப்புற்றுச் சாவு 34 விழுக்காடு குறைந்திருந்தது. எல்லா மக்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் வேறுபாடு உறுதியாகச் சொல்லும் அளவு இல்லை. அதையும் மறையாது எழுதியிருக்கின்றனர். கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒளியும் கண்ணும் போதுமாயிருந்தன.

அக்கட்டுரையில் நம் கண்ணில் பட்ட எண்கள் வேறு இரண்டு. வாயில் ஐயத்துக்குரியது இருக்கின்றது, மருத்துவரிடம் செல்க என்று சொல்லப்பட்டவர் 5,145 பேர். சென்றவர் 3,218 பேர். கணக்கெழுதும் கை சும்மா இருக்குமா? கழித்துப் பார்த்தோம். 1,927 பேர் செல்லவே இல்லை. இத்தனை பேர் ஏன் செல்லவில்லை என்று பிறருக்கு வியப்பாக இருக்கலாம். நமக்கு வியப்பில்லை.

ஏனெனில் நாமும் அவ்வாறே இருந்தோம். இரவு முறை வேலையில் உறக்கம் வராதிருக்கப் பழகிய வெற்றிலையும் புகையிலையும் பதினெட்டு ஆண்டு நம் இடக் கன்னத்தில் குடியிருந்தன. சென்ற ஆண்டு கடைவாய்ப் பல்லுக்காகச் சென்றபோது பல் மருத்துவர் பல்லை விட்டுக் கன்னத்தைப் பார்த்தார். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அச்சீட்டு மூன்று மாதம் நம் மேசை இழுப்பறையில் கிடந்தது. நேரமில்லை என்று வீட்டில் சொன்னோம். அது பொய். அச்சமே உண்மை. பெரிய மகளுக்கு வரன் பார்க்கும் காலம். துணுக்கெடுத்தார்கள் என்ற சொல் குடியிருப்பில் பரவினால் என் ஆவது என்ற எண்ணம். எங்கும் விளம்பர இருப்பூர்தியில் தொலைவுக் கைகாட்டி எச்சரிக்கை காட்டினால் ஓட்டுநர் வேகத்தைத் தளர்த்துகின்றார். நாமோ அலுவலகத்துக்குள்ளேயே அதை இழுப்பறையில் பூட்டினோம்.

சீட்டைக் கண்டெடுத்தவர் நம் இல்லத்தரசியார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியற்காலை புடவை உடுத்திக்கொண்டு வாயிலில் நின்றார். துணுக்கெடுத்தனர். பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். புற்று இல்லை, அணுக்களில் தொடக்க மாறுதல் உண்டு, வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றையும் அறவே விட்டுவிடல் வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டல் வேண்டும் என்றனர். விட்டுவிட்டோம். முதல் மாதம் நரகம். இப்போது திட்டு வெளிறிச் சிறுத்திருக்கின்றது, முற்றும் மறையவில்லை.

வரும் மாத முதல் வாரத்தில் நாம் மீண்டும் காட்டச் செல்லும் முறை. காலை ஆறரைக்குத் தம்பானூரிலிருந்து மருத்துவக் கல்லூரிப் பேருந்தில் ஏறுவோம். உடன் வர எண்ணுவோர், ஆடவராயினும் தாய்மார்களாயினும், நம் வீட்டில் ஒரு சொல் சொல்லி வைத்தால் போதும். காரணம் கேட்கமாட்டோம், வெளியே சொல்லவும் மாட்டோம். தாய்மார்களுக்குத் துணையாக நம் இல்லத்தரசியாரும் வருகின்றார்.