யாழை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! வீட்டிலே சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியவர்களே!

"கொடுமை நிறைந்த அலுவலகத்தை உடனே உதறுவதா? இருந்துகொண்டே வேறு வேலை தேடுவதா?" இதுதான் தலைப்பு. எதிரணி அம்மையார், "மானம் பெரிதா, மாசச் சம்பளம் பெரிதா?" என்று கேட்டார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் அம்மா, ராஜினாமா கடிதத்தை வீசிவிட்டு வந்த பிள்ளை, அடுத்த மாசம் 5ஆம் தேதி வீட்டு வாடகைக்கு மைத்துனனிடம் கை நீட்டுகிறானே, அப்போது அந்த மானம் எங்கே போச்சு? (கைதட்டல்)

ஔவையாரையும் துணைக்கு அழைத்தார். புறநானூற்றில் 206ஆம் பாட்டு. அதியமான் பரிசு தராமல் நாள் கடத்தினான், ஔவை கோபத்தோடு கிளம்பினாள். உண்மைதான். ஆனால் எப்படிக் கிளம்பினாள்? யாழை எடுத்துக்கொண்டாள், பையைக் கட்டிக்கொண்டாள். கோடரி உள்ள தச்சன் பிள்ளைக்குக் காடு எப்படியோ, கலை தெரிந்தவளுக்கு உலகம் அப்படி என்றாள். கோடரி இல்லாமல் காட்டுக்குப் போனால் என்ன ஆகும்? கொசுக்கடிதான் மிச்சம்! (சிரிப்பு)

என்னிடம் படித்த ஒரு பெண். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவு. மேலாளர் நாலு பேர் முன்னால் திட்டுவார். தான் செய்த தப்பை இவள் தலையில் கட்டுவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அவளுக்கு வயிற்றைக் கலக்கும். அப்பா இல்லை, தம்பி படிக்கிறான். உதற முடியுமா?

அவள் என்ன செய்தாள்? மேலாளர் வாயால் சொன்ன உத்தரவையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதினாள். வேலை முடிந்து ஜி.எஸ்.டி. வகுப்புக்குப் போனாள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேலை தேடவில்லை, பக்கத்து சீட்டுக்காரியிடம்கூட மூச்சு விடவில்லை. எட்டாவது மாசம் கோவையில் வேலை. ஆர்டர் கைக்கு வந்த பிறகுதான் ராஜினாமா. மேலாளர் கேட்டாராம், "என்னம்மா, திடீர்னு?" ஐயா, திடீர் அவருக்கு! அவளுக்கு எட்டு மாசம்! (பலத்த கைதட்டல்)

"எப்படிம்மா தாங்கினே?" என்று கேட்டேன். "தேட ஆரம்பிச்ச நாளிலிருந்து அவர் சத்தம் பெரிசாத் தெரியலை சார்" என்றாள். கதவு இருக்கிறது என்று தெரிந்தால் அறையிலே கொஞ்ச நேரம் இருக்கலாம், நடுவர் அவர்களே!

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று 48, 49, 50ஆம் அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். நமக்கு என்ன தெரியும், எப்போது போவது, எங்கே போவது? இந்த மூன்றும்தானே வேலை தேடுவது! காலமறிதலில் காலத்தையும் கணக்குப் பாருங்கள். நிரந்தர ஊழியர் விலகும்போது பணிக்கொடை வேண்டுமென்றால் 5 வருஷத் தொடர் சேவை வேண்டும். நாலேகால் வருஷத்தில் கோபம் வந்தால், அந்தக் கோபத்துக்கு விலை உண்டு! சம்பளச் சீட்டு, நியமன உத்தரவு, விடுவிப்புக் கடிதம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பழைய வைப்பு நிதியை எடுத்துச் செலவழிக்காமல் புது இடத்துக்கு மாற்றுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மேலதிகாரி கை நீட்டினால், பெண்ணிடம் முறைகேடாக நடந்தால், அங்கே பொறுமை பேசுகிறவன் நான் இல்லை. 2013ஆம் வருஷச் சட்டப்படி, 10 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கிற இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். 3 மாசத்துக்குள் எழுத்திலே புகார் கொடுங்கள். உடம்பும் உயிரும் தாங்காது என்றால், அன்றைக்கே வெளியே வாருங்கள். வீட்டில் இருப்பவர்களும் "எல்லா இடத்திலும் அப்படித்தான்" என்று பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள். அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

மற்றபடி, கோபத்தை வாசலில் கொட்டாமல் விண்ணப்பத்தில் கொட்டுங்கள்! இருந்துகொண்டே தேடுவதுதான் விவேகம் என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு விடைபெறுகிறேன்.