கலத்தின் மூச்சும் முடிவும்

பழுத்த இலை காம்பிலிருந்து தானே கழன்று விழுகின்றது. அது காற்றின் வேலை மட்டுமன்று. மரமே காம்பின் அடியில் அதற்கு வழிசெய்து வைக்கின்றது. உடலின் கலங்களும் இவ்வாறே தம் முடிவைத் தாமே இயற்றுதல் உண்டு. 1972ஆம் ஆண்டில் கெர், வைலி, கறி என்னும் மூவர், இலையுதிர்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் இதனை அப்பொப்ரோசிசு என அழைத்தனர்.

இம்முடிவை நிறைவேற்றுபவை கஸ்பேசு என்னும் நொதியங்கள். இவை கலத்தினுள்ளே உறங்கிக் கிடப்பவை. விழித்தாலோ புரதங்களை வெட்டி வீழ்த்துபவை. அவற்றை எழுப்புவது யாது?

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் சியாவோடொங் வாங் என்பவரும் துணைவரும் இதற்கு விடை தேடி, 1996இல் தம் முடிவை வெளியிட்டனர். அவர்கள் கலங்களை உடைத்து, மையநீக்கியிற் சுழற்றி, மேலே தெளிந்த சாற்றை எடுத்தனர். கதிர்வீசும் அடையாளமிட்ட கஸ்பேசினை அதிற் கலந்து, டிஒட்சி ஏ.ரி.பி. என்னும் சேர்வையையும் இட்டவுடன் அந்நொதியம் வெட்டுண்டு விழிப்புற்றது. உயிரற்ற சாறு, சாவின் முதற்படியைக் கண்ணாடிக் குழாயில் நடித்துக் காட்டிற்று எனலாம்.

பின்னர்ச் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இன்றியமையாத பொருளைத் தேடினர். அகப்பட்டது சுமார் 15,000 டாலுதன் அளவான ஒரு சிறு புரதம். அதன் நிறம் இளஞ்சிவப்பு. புரதங்களுள் நிறமுடையவை சிலவே ஆதலின், அந்நிறமே அதனைக் காட்டிக்கொடுத்தது. அது சைற்றோகுரோம் சி! 1925இல் டேவிட் கீலின் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து பெயரிட்ட கூட்டத்தைச் சேர்ந்தது. இழைமணியில் இருந்து கலத்தின் மூச்சுக்காக இலத்திரன் சுமப்பது. மூச்சுக்கு உதவுவதே சாவுக்கும் தூதாகுமா? அந்நாளில் பலர் ஐயுற்றதில் வியப்பில்லை.

ஐயத்தைத் தீர்க்க உதவியது சீனி. முதலில் கலங்களை உடைத்த கரைசலில் இழைமணிகளும் சிதைந்து, உள்ளிருந்த புரதத்தைச் சாற்றிற் கசியவிட்டிருந்தன. சீனிக் கரைசலில் மெல்ல உடைத்தபோதோ இழைமணிகள் சிதையாது அடியிற் படிந்தன. மேலே நின்ற சாறு ஆற்றலிழந்தது. அதனுட் சிறிது சைற்றோகுரோம் சி இட்டதும் இழந்த ஆற்றல் மீண்டது. சாவுக்குத் தூண்டப்பட்ட கலங்களை அவ்வாறே மெல்ல உடைத்துப் பார்த்தபோது, இப்புரதம் இழைமணியை விட்டு முன்னரே வெளியேறியிருக்கக் கண்டனர். உடைக்கும் முறை ஒன்றே விடையை மறைக்கவும் காட்டவும் வல்லதாயிற்று.

1997இல் இரு ஆய்வுக்குழுவினர், பி.சி.எல்.-2 என்னும் புரதம் இவ்வெளியேற்றத்தைத் தடுப்பதைக் காட்டினர். சில குருதிப் புற்றுநோய்களில் அப்புரதம் மிகுந்திருப்பதால், சாகவேண்டிய கலங்கள் சாவதில்லை. அதனை அடக்கும் வெனெற்றோக்கிளாக்சு என்னும் மருந்து 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, நோயாளரின் கைக்கு வந்தது.