பிழைப்பும் பெருநோக்கும்



ஒரு கவிஞரைப் பற்றிப் பேசுவோர் அவருடைய நூல்களைச் சொல்வர், நடையைச் சொல்வர், பின்வந்தோர் மீது அவருக்குள்ள தாக்கத்தைச் சொல்வர். அவர் வீட்டில் உலை எவ்வாறு கொதித்தது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவர். இலக்கியப் பேச்சில் பிழைப்பைப் பற்றிய பேச்சு தாழ்ந்தது என்ற எண்ணம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆயினும் எழுதப்பட்ட கவிதைகள் எத்தனை, எழுதப்படாமற்போன கவிதைகள் எத்தனை என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்தது அந்தப் பிழைப்பே. எனவே ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவில் இப்பொருளை எடுத்துக்கொள்வது பொருந்தும்.

வேலை தேடும் இளைஞரிடம் ஊரார் கேட்பவை மூன்று: சம்பளம் எவ்வளவு, ஓய்வூதியம் உண்டா, பதவி உயர்வு எப்போது? இவை தேவையான கேள்விகளே. பசியை அறியாதவரே இவற்றை இகழ்வர். ஆனால் இவற்றுக்கு முன்னர்க் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த வேலைக்காக எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கலாகாது? திருக்குறளின் 47ஆம் அதிகாரமாகிய ‘தெரிந்துசெயல்வகை’, ஒரு செயலைத் தொடங்குமுன் அழியக்கூடியதை முதலில் எண்ணச் சொல்கிறது. ஆவதும், பின்னர் விளையும் ஊதியமும் அதற்கு அடுத்தே வருகின்றன. தொழிலைத் தேர்வோர் பெரும்பாலும் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, ஊதியத்தை முதலில் எண்ணி, அழிந்தது எது என்பதை முதுமையில் அறிகின்றனர்.

இக்கணக்கைச் சரியாகப் போட்டவர்கள் தமிழுலகில் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1880ஆம் ஆண்டு பிப்ரவரியில், தம் 25ஆம் வயதில், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அன்று அவரிடம் பெரும் புலமை இருந்தது. வாழ்நாள் குறிக்கோள் ஒன்று தோன்றியிருக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் முன்சீபாக அவ்வூருக்கு வந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். அந்தாதியும் கோவையும் புராணமுமாகத் தாம் கற்றவற்றை அடுக்கிய இளைஞரிடம், பழைய காப்பியங்களைப் படித்ததுண்டா என்று முதலியார் வினவினார். அவ்வினா சீவக சிந்தாமணிக்கு வழிகாட்டியது. நூலில் விளங்காத சமயக் கருத்துகளை அறியச் சமணர் வீடுகளை நாடிச் சென்று பாடம் கேட்டார் ஐயர். ஏழாண்டுகள் கழித்து, 1887இல், சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் தொடர்ந்தன.

இதில் கருதத்தக்கன இரண்டு. வேலை முதலில் வந்தது, குறிக்கோள் பின்னர் வந்தது. வாழ்வின் நோக்கத்தைப் பள்ளிப் பருவத்திலேயே கண்டுகொள்ளாதவர் காலம் கடந்துவிட்டதென்று கலங்க வேண்டியதில்லை. நோக்கம் வந்து சேர்ந்தபின் அதற்கேற்ப நாள்களை மாற்றி அமைத்தாரா என்பதே கேள்வி. மற்றொன்று, குறிக்கோள் வந்தவுடன் ஐயர் வேலையை உதறிவிடவில்லை. மாதச் சம்பளம் குடும்பத்தைக் காத்தது. விடுமுறை நாள்கள் ஏடு தேடும் பயணங்களாயின. காலையும் இரவும் ஒப்புநோக்கும் நேரமாயின. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி 1919இல் ஓய்வு பெறும்வரை இந்த ஒழுங்கு குலையவில்லை.

ஐயருக்குத் தமிழே தொழில், தமிழே தொண்டு. எல்லோருக்கும் அவ்வாறு வாய்ப்பதில்லை. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவர். அரசாங்கக் கணக்குத் துறையிலும், பின்னர் வழக்கறிஞராகவும், புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் அவர் தொழில் புரிந்தார். கணக்கும் சட்டமும் பழந்தமிழ் நூல்களுக்கு வெகு தொலைவில் உள்ளவை. எனினும் அப்பணிகளுக்கிடையே 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடனும், 1881இல் வீரசோழியத்தையும், 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். தொட்டால் ஒடிந்துபோகும் ஏடுகளைக் கண்டு அவர் உருகி எழுதிய பதிப்புரையை ஏட்டுச் சுவடிகளோடு பழகியோர் மறவார். பகல் வேலைக்கும் உள்ளத்தின் வேலைக்கும் தொடர்பில்லாமை ஒரு குறையன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று. பகல் வேலை உள்ளத்தின் வேலைக்கு நேரமும் வலிமையும் மிச்சம் வைக்க வேண்டும், அவ்வளவே.

மிச்சம் வைக்காத வேலையை, அல்லது கொண்ட கொள்கையோடு முரண்படும் வேலையை என் செய்வது? மறைமலையடிகள் 1898 முதல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தமிழ் கட்டாயம் என்ற நிலை மாறி விருப்பப் பாடமாகிய பின், 1911இல் அப்பணியை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறினார். அவருக்குத் தமிழ் கற்பித்தல் ஒரு பிழைப்பு மட்டுமாக இருந்திருந்தால் அந்த விலகலுக்குத் தேவை எழுந்திருக்காது. கடக்கக்கூடாத கோடு எது என்று முன்பே அறிந்தவருக்கு அந்தக் கோட்டருகே வரும்போது முடிவு எடுப்பது எளிதாகிறது. அறியாதவரோ ஒவ்வோர் ஆண்டும் கோட்டைச் சிறிது தள்ளி வரைந்துகொள்கிறார்.

ஆனால் பொறுத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அ. மாதவையா உப்பு, சுங்கத் துறையில் பல்லாண்டுகள் அதிகாரியாகப் பணிபுரிந்தார். பத்மாவதி சரித்திரத்தின் முதற்பாகம் 1898இல் வெளிவந்தது. முழு நேரமும் எழுத்துக்கென்றே வாழ வேண்டும் என்ற விழைவினால் 1922இல் முன்கூட்டியே ஓய்வு பெற்று அச்சகம் அமைத்தார். 1924இல் பஞ்சாமிர்தம் இதழைத் தொடங்கினார். 1925 அக்டோபரில், சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில் பட்டப் படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென்று பேசி அமர்ந்தவர் அங்கேயே உயிர் நீத்தார். திட்டமிட்டுப் பெற்ற விடுதலையை அவர் துய்த்தது மூன்று ஆண்டுகளே. எல்லாக் கடமையும் முடிந்தபின் எழுதலாம் என்று நாள் குறிப்பவர் இம்மூன்று ஆண்டுகளை நினைவில் கொள்ளல் வேண்டும்.

தேர்வு என்பதே மறுக்கப்பட்டோரும் உண்டு. வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு ஐந்து வயதிலேயே திருமணம் நடந்தது. பள்ளிக் கல்வி இல்லை. அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதியதே அவருடைய முதற் படைப்பு. 1925இல் ஜகன்மோகினி இதழை ஏற்றுப் பல்லாண்டுகள் நடத்தினார்; நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார்; மதுவிலக்கு மறியலில் ஈடுபட்டுச் சிறை சென்றார். வாழ்க்கைத் தொழிலைத் திட்டமிடுவது படித்தவர்க்கும் ஆண்களுக்கும் உரிய சலுகை என்று எண்ணப்பட்ட காலத்தில், கையில் இருந்ததைக் கொண்டே அவர் தமக்கொரு தொழிலை உண்டாக்கிக்கொண்டார்.

புதுக்கவிதையின் வரலாற்றுக்குள்ளும் இக்கணக்கு உண்டு. ந. பிச்சமூர்த்தி வழக்கறிஞராகவும் பின்னர்க் கோயில் நிர்வாக அதிகாரியாகவும் பணிபுரிந்தவர். 1934இல் மணிக்கொடியில் ‘காதல்’ கவிதையால் புது வழி திறந்த அவர், இடையில் பல்லாண்டுகள் கவிதையில் மௌனம் காத்தார். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது அம்மௌனம் கலைந்தது. செல்லப்பாவுக்கோ மாதச் சம்பளம் இல்லை. 119 இதழ்கள், 1970வரை, அவர் தோளிலேயே நின்றன. வெளியிட்ட நூல்களைத் தாமே சுமந்து கல்லூரிகளுக்குச் சென்று விற்றார். ஒருவர் நிலையான வேலையைத் தேர்ந்தார். மற்றவர் நிலையின்மையைத் தேர்ந்தார். இருவரும் சந்தித்த இடம் ஓர் இதழ். சம்பளம் வாங்கும் வாசகர்கள் இன்னும் சில நூறு பேர் சந்தாவைத் தவறாது செலுத்தியிருப்பின் அச்சுமை எவ்வளவு குறைந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது இலக்கிய வட்டங்களின் கடமை. தனி மனிதர் ஒருவரின் கொள்கைக்கு முழு விலையையும் அவரும் அவர் குடும்பமும் மட்டுமே செலுத்த விடுவது பெருமைக்குரிய மரபன்று.

இன்றைய இளங்கவிஞர் வங்கியிலோ பள்ளியிலோ கணினி நிறுவனத்திலோ வேலை பார்க்கிறார். அலுவல் நேரம் முடிந்த பின்னும் கைப்பேசி வழியே அலுவலகம் அவர் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. விளம்பரத்துக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதுபவரோ, பகல் முழுவதும் சொற்களை விற்றபின் இரவில் சொல்லின் மீதே சலிப்புற்று அமர்கிறார். ஆகவே வேலையை ஏற்குமுன் அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. நாளில் எந்த ஒரு மணி நேரம் எவருக்கும் கொடுக்கப்படாதது? எந்தச் செயலைச் செய்யச் சொன்னால் எழுந்து போக வேண்டும்? அவ்வாறு எழுந்து போக நேரின் எத்தனை மாதம் குடும்பம் தாங்கும்? அந்த மாதங்களுக்கான சேமிப்பு உண்டா? மனைவியும் மக்களும், அல்லது கணவரும் பெற்றோரும், இக்கணக்கை அறிவார்களா? கடைசிக் கேள்வியைப் பல பெருங்கவிஞர்கள் கேட்காது விட்டனர். அதன் துயரத்தை அடுப்பங்கரைகள் சுமந்தன.

இவ்விடைகளை ஒரு தாளில் எழுதி வைப்பதும், ஆண்டுக்கொரு முறை எடுத்துப் பார்ப்பதும் நன்று. மனம் மாறலாம், சாமிநாதையருக்கு மாறியதுபோல நல்ல வகையிலும் மாறலாம். மாற்றம் அறிந்து செய்யப்பட்டதா, அறியாமல் நேர்ந்ததா என்பதை அத்தாள் காட்டிவிடும்.

இந்த வட்டம் பத்தாண்டுகள் நடந்தது எதனால்? வேலை முடிந்து களைத்து வந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் கூட்டத்துக்கு வந்ததனால். குடும்பச் செலவில் சிறிது குறைத்துச் சந்தா கொடுத்ததனால். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பிழைப்பிலிருந்து எடுத்து வைத்த பங்கு அது. அடுத்த பத்தாண்டில், வேலையை இழந்த கவிஞர் ஒருவர், அல்லது வேலையை விடத் துணிந்த கவிஞர் ஒருவர், இவ்வட்டத்தின் கதவைத் தட்டக்கூடும். அவர் நூலை விலை கொடுத்து வாங்கும் கைகள் இங்கே இருக்குமாயின் பத்தாண்டு உழைப்புக்கு அதுவே பயனாகும்.

வட்டம் வளர்க!