பெரி என்னும் சின்ன ஊர்

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் பெரிய பெரிய விஷயங்களைப் பேசிவிட்டார்கள். நான் பந்து விளையாடியவன். பந்தைப் பற்றித்தான் பேசத் தெரியும். செயலாளர் போனில் கேட்டபோது, "எதைப் பற்றி வேணும்னாலும் பேசுங்க, இருபது நிமிஷத்துக்குள்ள முடிச்சிடுங்க" என்றார். இரண்டாவது பாதியைத்தான் அவர் அழுத்திச் சொன்னார்.

இன்று காலை பழைய பழக்கத்தில் மைதானத்துக்குப் போனேன். அந்த வேப்பமரம் இன்னும் இருக்கிறது. கல்லூரி அணிப் பையன்கள் பயிற்சி முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் கேட்டான்: "சார், நம்மூர்ல இருந்து வெளிநாட்டுக்குப் போய் ஃபுட்பால் ஆட முடியுமா?" டிபனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று சொல்லி நழுவி வந்துவிட்டேன். எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. இதே கேள்விக்கு முன்பு ஒரு முறை பதில் சொல்லி, அது தப்பாகப் போயிருக்கிறது. அதனால்தான் தயக்கம். அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் பைச்சுங் பூட்டியா என்ற ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மூத்தவர்களுக்குப் பெயர் ஞாபகம் இருக்கும். சிக்கிமில் டிங்கிடாம் என்ற மலைக் கிராமம். பிறந்தது 1976 டிசம்பரில். விவசாயக் குடும்பம். ஒன்பது வயதில் விளையாட்டு உதவித்தொகை கிடைத்துக் காங்டாக்கில் படிக்கப் போனார். 1992 சுப்ரதோ கோப்பையில் பெயர் வாங்கினார். மறு வருடம் பதினாறு வயதில் கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் அணியில் சேர்ந்தார். பிறகு பஞ்சாபில் ஜே.சி.டி. மில் அணி. 1996-97ல் முதல் தேசிய லீக் தொடங்கியபோது கோப்பை ஜே.சி.டி.க்கு, அதிக கோல் அடித்தவர் இவர்.

1997 ஜூலை 13ஆம் தேதி சால்ட் லேக் மைதானத்தில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியைக் கல்கத்தாக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதின. 1,31,000 பேருக்கு மேல் கூட்டம். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது. அதில் மூன்று கோல் பூட்டியாவுடையது. இருபது வயசுப் பையனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அப்படியே அங்கே இருந்திருந்தால் வாழ்நாள் முழுக்க ராஜாதான்.

அந்த ராஜா 1999 செப்டம்பர் கடைசியில் எங்கே போனார் தெரியுமா? இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்ன ஊருக்கு. இங்கிலீஷில் எழுதினால் "புதை" என்று அர்த்தம் வரும். உள்ளூர்க்காரர்கள் சொல்வது "பெரி". பெயரில்தான் பெரி, ஊர் சின்னது. பெரி கிளப் 1885ல் ஆரம்பித்த பழைய கிளப். 1900லும் 1903லும் எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்தது. 1903 இறுதியாட்டத்தில் 6-0. அதெல்லாம் தாத்தா காலத்துப் பெருமை. பூட்டியா போனபோது அது இரண்டாம் டிவிஷனில் இருந்தது. பெயர் இரண்டாம் டிவிஷன், ஆனால் உண்மையில் மூன்றாவது படி. மேலே பிரீமியர் லீக், அதற்குக் கீழே முதல் டிவிஷன், அப்புறம்தான் இது. கிக் லேன் என்ற அந்த மைதானம் நிரம்பி வழிந்தாலும் சுமார் 12,000 பேர்தான். சாதாரண நாளில் சில ஆயிரம் பேர்.

அதற்கும் முன்னால் ஃபுல்ஹாம், வெஸ்ட் பிராம்விச், ஆஸ்டன் வில்லா என்று பல கிளப்புகளில் தேர்வுக்குப் போய் எதிலும் எடுக்கவில்லை. இதை யோசித்துப் பாருங்கள். இந்தியாவின் முதல்தர ஆட்டக்காரர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு கிளப் கிளப்பாகப் போய், "என்னைப் பாருங்க, நான் ஆடுவேன்" என்று நிற்கிறார். மூன்றாவது படியில் உள்ள கிளப் மூன்று வருட ஒப்பந்தம் கொடுத்தது. ஐரோப்பிய கிளப் ஒன்றோடு தொழில்முறை ஒப்பந்தம் போட்ட முதல் இந்தியர் என்று பத்திரிகைகள் எழுதின.

ஆனால் ஐரோப்பாவில் ஆடிய முதல் இந்தியர் அவர் இல்லை. 1936லேயே முகமது சலீம் என்பவர் கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங்கிலிருந்து ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்புக்குப் போனார். அவருக்கு பூட்ஸ் பழக்கமில்லை. வெறுங்காலில் கட்டுத்துணி சுற்றிக்கொண்டு ஆடினார். ரிசர்வ் அணிக்காக இரண்டு ஆட்டம். ஊர் மக்கள் வாய் பிளந்து பார்த்தார்களாம். கிளப் இருக்கச் சொல்லியும், ஊர் ஞாபகம் தாங்காமல் திரும்பிவிட்டார். பல வருடம் கழித்து அவர் நோய்வாய்ப்பட்டபோது மகன் செல்டிக்குக் கடிதம் எழுதினார். பணத்துக்காக அல்ல, அப்பாவை அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். பதிலோடு நூறு பவுனுக்கு டிராஃப்ட் வந்தது. மகன் அதை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டார். நான் வங்கியில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவன். மாற்றப்படாத டிராஃப்ட் என்றாலே எங்களுக்குக் கணக்கு இடிக்கும். இந்த ஒன்று மட்டும் இடிக்கவில்லை.

பூட்டியா கதைக்கு வருகிறேன். 1999 அக்டோபர் தொடக்கத்தில் கார்டிஃப் சிட்டியோடு முதல் ஆட்டம். மாற்று ஆட்டக்காரராக இறங்கி, ஒரு கோலுக்கு வழி செய்து கொடுத்தார். நல்ல தொடக்கம்தான். ஆனால் முதல் கோல் அடிக்க 2000 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் என்ன நடந்தது? அவர் சேர்ந்தபோது மேனேஜராக இருந்த நீல் வார்னாக் அந்த டிசம்பரிலேயே வேறு கிளப்புக்குப் போய்விட்டார். நம்மைத் தேர்ந்தெடுத்த ஆள் போய்விட்டால், அடுத்து வருகிறவருக்கு நம்மிடம் என்ன கடன்? கிளை மேனேஜர் மாறினால் என்ன ஆகும் என்று வங்கிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வார்னாக் அவரை எப்படி நடத்தியிருப்பார், அடுத்தவர் எப்படி நடத்தினார் என்று நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை. கால்பந்து ஒப்பந்தம் என்பது ஆட வாய்ப்பு தரும் என்ற உறுதி இல்லை. சம்பளம் தரும் என்ற உறுதி மட்டும்தான்.

பிறகு குளிர், சேறு, இடித்துத் தள்ளும் தடுப்பாட்டக்காரர்கள். அந்தப் படியில் நுணுக்கத்தைவிட உடம்புக்குத்தான் வேலை. அப்புறம் முழங்கால் காயம். 2002ல் கிளப்பே கடனில் மூழ்கி வெளி நிர்வாகிகள் கைக்குப் போனது. அதே பருவத்தில் ஒரு படி கீழேயும் இறங்கியது. பூட்டியா இந்தியா திரும்பினார். மூன்று பருவம். பருவத்துக்கு 46 லீக் ஆட்டம், ஆக 138. அதில் அவர் ஆடியது 37. அடித்த கோல் மூன்று.

இங்கேதான் என் கதை வருகிறது.

நான் இந்தக் கல்லூரியில் லெஃப்ட் அவுட் ஆடினேன். 1979ல் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியபோது, கல்கத்தாவிலிருந்து ஒரு கிளப்காரர் வந்து, தேர்வுக்கு வா என்று முகவரி கொடுத்தார். எங்கள் பி.டி. சார் போகச் சொன்னார். அப்பா ஒரே கேள்வி கேட்டார்: "பந்து சோறு போடுமா?" அதே மாதத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வங்கி வேலைக்கு உத்தரவு வந்தது. போட்டது. முப்பத்தைந்து வருடம் சோறு போட்டது. அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன்.

1999ல் எங்கள் கிளைக்கு ஒரு தம்பி கிளார்க்காக வந்தான். அவனும் விளையாட்டு ஒதுக்கீடு, நல்ல ஃபார்வர்ட். பூட்டியா என்றால் உயிர். பெரி ஆட்ட முடிவுகளைத் தேடுவதற்காகவே காலையில் கிளைக்கு வரும் இங்கிலீஷ் பேப்பரை முதலில் எடுத்துவிடுவான். கீழ் டிவிஷன் முடிவுகள் கடுகு எழுத்தில் ஒரு மூலையில் இருக்கும். அதை வெட்டி லெட்ஜர் அட்டைக்குள் ஒட்டி வைப்பான். 2002ல் கோவாவில் ஒரு கிளப் அவனைக் கூப்பிட்டது. இரண்டு வருட ஒப்பந்தம். வங்கி வேலையை விட வேண்டும். என்னிடம் வந்து, "அண்ணே, என்ன செய்யட்டும்?" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவனுடைய அட்டையைத் திறந்து காட்டி, "பாத்தியாடா, 138ல 37. மூணு கோல். அவனையே புதைச்சு அனுப்பிட்டாங்க. நீ எங்க?" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ராஜினாமா கடிதத்தை எழுதி வைத்திருந்தான், கிழித்துப் போட்டுவிட்டான்.

அடுத்த வருடமே எனக்குப் பதில் கிடைத்தது. 2003ல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் போட்டி. ஈஸ்ட் பெங்கால் கோப்பையை ஜெயித்தது. அதிக கோல் அடித்தவர் பூட்டியா, ஒன்பது. அதே வருடம் மலேசியாவில் பெராக் அணிக்கு ஆடினார், 2005ல் இன்னொரு மலேசிய அணிக்கு. இந்திய அணியின் கேப்டனாக 2011 ஆசியக் கோப்பை வரைக்கும் போனார். 2008ல் பத்மஸ்ரீ. 2012 ஜனவரியில் டெல்லியில் அவருடைய பிரியாவிடை ஆட்டத்துக்கு பேயர்ன் மியூனிக்கே வந்தது. 4-0 என்று தோற்றோம், அது வேற விஷயம். பெரியில் புதைந்துபோன ஆள் செய்கிற வேலையா இது?

ரொம்ப நாள் நான் இப்படி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்: அவர் போனது இருபத்திரண்டு வயதில், அது தாமதம், ஐரோப்பாவில் எட்டு வயதிலேயே பிடித்துவிடுகிறார்கள் என்று. பிறகு தென்கொரியாவின் சா பும்-குன் பற்றித் தெரிந்தது. அவர் ஜெர்மனிக்குப் போனது 1978ல், இருபத்தைந்து வயதில். 308 பந்தஸ்லிகா ஆட்டம், 98 கோல். இரண்டு வெவ்வேறு கிளப்புகளோடு யூஃபா கோப்பை, 1980லும் 1988லும். ஆக வயசு மட்டும் காரணம் இல்லை. அவர் ஜெர்மனிக்குப் போகும் முன்பே கொரியாவுக்காக நூறு ஆட்டத்துக்கு மேல் ஆடியிருந்தார். ஆட்டக்காரன் ஆடித்தான் வளர வேண்டும். நம் நாட்டு அணிக்கு அந்தக் காலத்தில் வருடத்துக்கு எத்தனை ஆட்டம் இருந்தது?

இது வெறும் பெருமைப் பிரச்சினை இல்லை, மாணவர்கள் கவனிக்க வேண்டும். 2009ல் சுனில் சேத்ரியை லண்டனில் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் எடுக்கத் தயாராக இருந்தது. வேலை அனுமதி மறுக்கப்பட்டது. காரணம், ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் எழுபதுக்குள் இல்லை. அவர் கால் சரியாக இருந்தது. நாட்டின் எண் சரியாக இல்லை. அவர் 2010ல் அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டிக்கும், 2012ல் போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங் லிஸ்பனின் இரண்டாம் அணிக்கும் போனார், அதிகம் ஆடக் கிடைக்கவில்லை. கோல்கீப்பர் குர்ப்ரீத் சிங் சந்து 2014ல் நார்வேயில் ஸ்டாபெக் அணியில் சேர்ந்து, பெரும்பாலும் பெஞ்சில் காத்திருந்து, 2016ல் யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் இறங்கினார்.

பெரி கிளப்பின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பணச் சிக்கலில் மாட்டி, 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள். செய்தியைப் படித்த அன்று அந்தத் தம்பிக்குத்தான் போன் செய்தேன். "தெரியும் அண்ணே" என்றான். குரல் கம்மியிருந்தது. பார்த்தே இராத ஊர்!

ஆகவே, காலையில் கேட்ட தம்பிக்கு இப்போது பதில் சொல்கிறேன். எங்கே உட்கார்ந்திருக்கிறான்? ஆம், அங்கே. போகலாம்ப்பா. ஆனால் எந்தப் படிக்குப் போகிறாய் என்று கேட்டுக்கொள். ஏஜென்ட் என்று யாராவது வந்து முன்பணம் கேட்டால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வா. ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம் வரை படி, காயம் பட்டால் யார் செலவு என்று எழுதியிருக்கிறதா பார். டிகிரியை முடி, பாதியில் விடாதே. பெஞ்சில் உட்கார நேரும். எத்தனை ஆட்டம், எத்தனை கோல் என்று கேட்டு உன்னைப் பார்த்து யாராவது சிரிப்பார்கள். என்னை மாதிரி ஆட்கள்தான்.

நேற்று இந்தப் பேச்சுக்காகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது முதல் கோலின் தேதி மறந்துவிட்டது. அவனுக்கு போன் போட்டேன். இப்போது வேறு ஊரில் கிளை மேனேஜர். காலையில் ஐந்தரைக்குப் பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறான். கேட்டதும் யோசிக்கவே இல்லை: "2000, ஏப்ரல் 15 அண்ணே. செஸ்டர்ஃபீல்டு." பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னைக்கு என்கிட்ட சொன்னதையும் மேடையில சொல்வீங்களா?" என்றான்.

சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன்.