பழைய லாரிகளில் எஞ்சின் எண்ணெய்: தேர்வும் மாற்றும் காலமும்
(உரையின் எழுத்து வடிவம்)

இந்நாட்டின் சரக்குப் போக்குவரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சாலை வழியாகவே நடைபெறுகிறது. அச்சரக்கைச் சுமக்கும் லாரிகளில் பெரும்பாலானவை, ஐந்துக்கு மேற்படாத வண்டிகளை வைத்துத் தொழில் நடத்தும் சிறு உரிமையாளர்களுக்குச் சொந்தமானவை. பெரிய நிறுவனங்களிடம் சில ஆண்டுகள் ஓடிய வண்டி இரண்டாவது கைக்கும் மூன்றாவது கைக்கும் மாறி, இறுதியில் இத்தகைய ஒருவரிடம் வந்து சேர்கிறது. டெல்லியின் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரிலும், நாமக்கல், சங்ககிரிப் பட்டறைகளிலும் பழுதுக்கு நிற்கும் வண்டிகளைப் பார்த்தால் இது விளங்கும். டீசல், டயர், சுங்கக் கட்டணம், காப்பீடு, கடன் தவணை ஆகியவற்றுள் எதையும் இவ்வுரிமையாளர் ஒத்திப்போட இயலாது. ஒத்திப்போடக் கூடியது போலத் தோன்றும் செலவு ஒன்றுதான்: எஞ்சின் எண்ணெய் மாற்றுவது. "இன்னும் ஒரு நடை போய் வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு லாரித் தொழிலில் சாதாரணமாகக் கேட்பது. அந்த ஒரு நடை மூன்று நடையாவதும் சாதாரணமே.

இந்த ஒத்திப்போடலால் மிச்சமாவது எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர் ஓடும் பழைய லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் வீதம் அது 15,000 லிட்டர் டீசல் குடிக்கும். எண்ணெய்த் தொட்டியின் கொள்ளளவு 15 லிட்டர் என்றும், 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றப்படுகிறது என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டில் ஆறு மாற்றங்களுக்கு 90 லிட்டர் எண்ணெய் தேவை. எண்ணெயின் விலை டீசலைப்போல் மும்மடங்கு என்று கொண்டாலும், இது 270 லிட்டர் டீசலின் விலைக்குச் சமம். அதாவது டீசல் செலவில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. மாற்றும் இடைவெளியை இரட்டிப்பாக்கி 20,000 கிலோமீட்டராக நீட்டினால் மிச்சமாவது அதிலும் பாதிதான். ஓட்டுநர் டீசலைச் சிறிது சிக்கனமாகச் செலவிட்டாலே கிடைத்துவிடும் இத்தொகைக்காக, கிராங்க் தண்டையும் பேரிங்குகளையும் பணயம் வைக்கிறார் உரிமையாளர். பேரிங் பிடித்துக்கொண்டால் பழுதுச் செலவு ஒருபுறமிருக்க, வண்டி பல நாட்கள் பட்டறையில் முடங்கும்; தவணை முடங்காது.

ஆனால் இதே கணக்கில் பெரும்பாலோர் கவனிக்கத் தவறும் மற்றொரு செலவு உண்டு. தேய்ந்த எஞ்சின் எண்ணெயைக் குடிக்கும். 500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வீதம் இடையிடையே ஊற்ற வேண்டியிருந்தால், ஆண்டுக்கு 120 லிட்டர் ஆகிறது. முழு மாற்றங்களுக்கு ஆகும் 90 லிட்டரை விட இது அதிகம். பிஸ்டன் வளையங்களும் வால்வு சீல்களும் நல்ல நிலையில் இருந்து, 2,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் மட்டுமே தேவைப்பட்டால், இச்செலவு 30 லிட்டராகக் குறையும். மாற்றும் நாளை நீட்டிப்பதால் ஆண்டில் 45 லிட்டர் மிச்சம். எண்ணெய் குடிக்கும் பழக்கத்தைச் சீர்செய்வதால் 90 லிட்டர் மிச்சம். எனினும் முழு மாற்றத்தின் செலவு ஒரே நாளில் மொத்தமாகக் கண்ணில் படுகிறது. வழியில் வாங்கி ஊற்றும் லிட்டர்களோ ஓட்டுநரின் வழிச்செலவுக் கணக்கில் சிதறிக் கரைந்துவிடுகின்றன. ஆகவே பழைய லாரி வைத்திருப்பவர் முதலில் செய்ய வேண்டியது, எவ்வளவு எண்ணெய் ஊற்றப்பட்டது என்பதை வண்டிவாரியாகக் குறித்து வைப்பதே. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் இப்பணிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

பொருளாதார நூல்களிலும் பட்டறையிலும் 'தேய்மானம்' என்ற ஒரே சொல் வழங்குகிறது. கணக்கரின் தேய்மானம் ஆண்டுதோறும் ஒரே சீராகக் கழிக்கப்படுவது. எஞ்சினின் தேய்மானம் அவ்வாறன்று. அது பெரும்பாலும் எண்ணெயின் நிலையைப் பொறுத்தது.

எண்ணெயின் நிலையை நிறத்தைக் கொண்டு அறிய முயல்வது பரவலான தவறு. டீசல் எஞ்சினில் புதிய எண்ணெய் சில நூறு கிலோமீட்டருக்குள்ளேயே கறுத்துவிடும். எரிதலில் உண்டாகும் கரி வளையங்களின் வழியே கீழிறங்கி எண்ணெயில் கலக்கிறது. எண்ணெயில் சேர்க்கப்பட்டுள்ள இரசாயனங்கள் அக்கரியை நுண்துகள்களாகப் பிரித்து மிதக்க விடுகின்றன; அதனால் அது உலோகத்தின் மேல் படிவதில்லை. கறுப்பு நிறம் எண்ணெய் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். மாறாக, நெடுநாள் ஓடியும் வெளிறியே இருக்கும் மலிவு எண்ணெய், கரியை எஞ்சினுக்குள்ளேயே படியவிட்டிருக்கக் கூடும். எண்ணெய்க்கு வேறு பணிகளும் உண்டு: சல்பர் எரிவதால் தோன்றும் அமிலத்தைத் தன் காரத்திறனால் முறித்தல், உலோகப் பரப்புகளுக்கிடையே படலமாக நிற்றல், வெப்பத்தைக் கடத்துதல். இவற்றுள் எது முதலில் தீர்ந்து போகிறதோ, அதுவே எண்ணெயின் ஆயுள்.

எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு குறியீடுகளைப் பார்க்க வேண்டும். முதலாவது பாகுநிலை. எஸ்.ஏ.ஈ. 40, 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40 ஆகிய மூன்றும் 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரே வரம்புக்குள், அதாவது 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரையில் அடங்குபவை. ஓடிச் சூடேறிய எஞ்சினில் அவற்றிடையே பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு குளிரில் தொடங்கும்போது தெரியும். 20டபிள்யூ எண்ணெய் கடுங்குளிரில் எஞ்சினைச் சுழல விடுகிறதா என்பது மைனஸ் 15 டிகிரியிலும், 15டபிள்யூ எண்ணெயில் மைனஸ் 20 டிகிரியிலும் சோதிக்கப்படுகிறது. ஸ்ரீநகர்-லே சாலையில் ஓடும் வண்டிக்கு 15டபிள்யூ-40 தேவை. நாக்பூர் வெயிலில் ஓடுவதற்கு 20டபிள்யூ-40 போதுமானது. மிகத் தேய்ந்த எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றும் வழக்கம் உண்டு. அதனால் எண்ணெய் அழுத்தம் சற்று உயரும். குடிக்கும் அளவும் ஓரளவு குறையும். ஆனால் கெட்டியான எண்ணெயைச் சுழற்றுவதற்கும் டீசல்தான் செலவாகிறது. நோயும் மறைந்திருக்கிறதேயன்றித் தீரவில்லை. வளையங்களை மாற்றும் வரையில் சில மாதங்கள் சமாளிக்க அது உதவும், அவ்வளவே.

இரண்டாவது குறியீடு தரவகுப்பு. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் டீசல் வகுப்புகளுள் சி.எஃப்-4 என்பது 1990-ஆம் ஆண்டையும், சி.எச்-4 1998-ஐயும், சி.ஐ-4 2002-ஐயும், சி.கே-4 2016-ஐயும் சேர்ந்தவை. புகைக் குழாயில் துகள் வடிகட்டி இல்லாத பழைய லாரிக்குக் கையேடு கூறும் வகுப்போ, அதற்கு ஒருபடி மேலானதோ போதும். சி.கே-4 தீங்கு செய்யாது. ஆனால் அதற்குக் கொடுக்கும் கூடுதல் விலைக்கு ஈடான பயன் கிடைப்பது அரிது. எஃப்.ஏ-4 என்ற மெல்லிய வகை புதிய எஞ்சின்களுக்கென்றே உருவாக்கப்பட்டது. பழைய வண்டியில் ஊற்றலாகாது.

எரிபொருளின் தரம் மாறியிருப்பதையும் இங்கே கருத வேண்டும். 1990-களின் நடுப்பகுதி வரை இந்நாட்டு டீசலில் சல்பர் ஒரு விழுக்காடு வரை அனுமதிக்கப்பட்டிருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் வழங்கப்படும் பாரத் நிலை-6 டீசலில் அதன் உச்ச வரம்பு பத்து இலட்சத்தில் பத்துப் பங்கு; அதாவது முன்னைய வரம்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எண்ணெயின் காரத்திறனை அன்று விரைந்து தீர்த்த அமிலம் இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. இந்தச் சலுகை பழைய எஞ்சினுக்கும் கிடைக்கிறது. எனினும் தேய்ந்த வளையங்களின் வழியே இறங்கும் கரியும், கசியும் டீசலும், வழித்தூசியும் எரிபொருள் சீரானதால் குறைந்துவிடவில்லை. புதிய வண்டிக்கு விளம்பரப்படுத்தப்படும் நீண்ட இடைவெளியைப் பழைய வண்டிக்கு அப்படியே பொருத்துவது இதனால்தான் பொருந்தாது.

மாற்றும் காலத்தைக் கிலோமீட்டரால் மட்டும் அளப்பதிலும் குறை உண்டு. பழைய டீசல் எஞ்சின்களுக்கு நெடுங்காலமாகக் கொள்ளப்பட்டுவரும் அளவு சுமார் 250 மணி நேர ஓட்டம். சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் போகும் நெடுஞ்சாலை லாரிக்கு அது 10,000 கிலோமீட்டர். கல்குவாரியில் மணிக்கு 15 கிலோமீட்டர் ஊர்ந்து, பாரம் ஏற்றும்போதும் எஞ்சினை நிறுத்தாமல் காத்து நிற்கும் டிப்பருக்கு அது 3,750 கிலோமீட்டர்தான். பின்னதையும் 10,000-க்கு ஒருமுறை மாற்றினால், எண்ணெய் 650 மணிக்கு மேல் உழைத்திருக்கும். கையேடு இதனினும் குறைந்த அளவைக் கூறினால் அதுவே கொள்ளத்தக்கது.

சோதனைக்கு எப்போதும் ஆய்வுக்கூடம் தேவையில்லை. வடிதாளில் சூடான எண்ணெயை ஒரு துளி விட்டுச் சில மணி நேரம் வைத்தால், நல்ல எண்ணெய் கறையாகப் பரவி வெளிவட்டம் வரை சாம்பல் நிறம் காட்டும். களைத்த எண்ணெயில் கரி நடுவிலேயே அடர்ந்து, கூரிய விளிம்போடு நின்றுவிடும். சூடான தகட்டில் விட்ட துளி படபடவென்று வெடித்தால் அதில் நீர் கலந்திருக்கிறது. வண்டியை நிறுத்திக் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். அளவுகோலில் எண்ணெய் குறையாமல் ஏறிக்கொண்டே போவதைக் கண்டு மகிழ்வோரும் உண்டு. அது டீசலோ குளிர்நீரோ உள்ளே இறங்குவதன் அறிகுறி. குறைவதைக் காட்டிலும் ஆபத்தானது. நான்கைந்து வண்டிகள் உள்ளவர் ஆண்டுக்கொருமுறையேனும் ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்புவது நல்லது. இரும்பின் அளவு தேய்வையும், சிலிக்கனின் அளவு தூசியையும் காட்டும். தூசி மிகுந்திருந்தால் குறை எண்ணெயில் இல்லை; காற்று வடிப்பானில் இருக்கிறது. எண்ணெய்த் தொட்டியுடன் கூடிய பழைய காற்று வடிப்பானில், எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயையே ஊற்றும் வழக்கம் கைவிடப்பட வேண்டியது.

நெடுநாள் மலிவு எண்ணெயில் ஓடிய எஞ்சினில் உயர்ந்த வகுப்பு எண்ணெயை ஊற்றும்போது, உள்ளே படிந்த கசடு இளகி வடிப்பானை அடைக்கக் கூடும். முதல் மாற்றத்தைப் பாதித் தூரத்திலேயே வடிப்பானோடு சேர்த்துச் செய்துவிடுவது இதற்குப் பரிகாரம்.

இவ்வளவும் உரிமையாளர்கள் பலருக்குத் தெரியாதது அன்று. உதிரிப்பாகக் கடையில் கடனுக்கு வாங்குபவர் கடைக்காரர் தரும் எண்ணெயையே வாங்குகிறார். அது சில்லறை எண்ணெயாகவோ, பெயர்பெற்ற தயாரிப்பின் பழைய டப்பாவில் அடைத்த போலியாகவோ இருக்க வாய்ப்புண்டு. லாரி உரிமையாளர் சங்கங்கள் பீப்பாய் கணக்கில் நேரடியாக வாங்கி உறுப்பினர்களுக்குத் தவணையில் வழங்கினால், விலையும் குறையும், தரமும் உறுதிப்படும். அவ்வாறு கொள்முதல் செய்யும் சங்கங்களுக்கு நடைமுறை மூலதனக் கடன் அளிப்பதை மாவட்ட அளவிலான வங்கி அலுவலர்கள் கருத்தில் கொள்ளலாம்.

வடித்த எண்ணெயின் கதி தனியே கூறத்தக்கது. அது சென்ட்ரிங் பலகைகளில் பூசப்படுகிறது, கரையான் வராமலிருக்க மரத்தில் தடவப்படுகிறது, சாக்கடையிலும் கொட்டப்படுகிறது. கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் இது இருமடங்கு இழப்பு. ஏனெனில் அடிப்படை எண்ணெய் பெரும்பாலும் கெட்டுவிடுவதில்லை. அழுக்கடைகிறது, சேர்மானங்களை இழக்கிறது. முறையாக மறுசுத்திகரித்தால் மீண்டும் பயன்படும். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் பயன்படுத்திய எண்ணெயை உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும் என்கின்றன. 2023-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, தயாரிப்பாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் இதில் பொறுப்பு விதிக்கப்பட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்துள்ளது. ஆனால் சாலையோரப் பட்டறைக்காரர் ஒரு நாளில் வடிப்பது 20, 30 லிட்டர்தான். அதைச் சுமந்துகொண்டு அவர் மறுசுழற்சியாளரைத் தேடிப் போகமாட்டார். வாசலுக்கு வந்து காசு கொடுப்பவரிடம் விற்றுவிடுவார். லாரிப் பேட்டை ஒவ்வொன்றிலும் ஒரு சேகரிப்புத் தொட்டியும், அங்கே லிட்டருக்கு உடனடி விலையும் இருக்குமானால், அந்த எண்ணெய் அவ்விடத்துக்கே வந்து சேரும்.