ஆயி மண்டபம்

அம்மாபேட்டையில் குடமேந்தி நீருக்குக் காத்துநின்ற தாய்மாரைக் கண்டு வளர்ந்தவன் யான். ஆதலின், புதுச்சேரிப் பாரதி பூங்காவின் நடுவே வெண்ணிறமாய் விளங்கும் ஆயி மண்டபத்தைக் கண்டதும் நெஞ்சம் நெகிழ்ந்தேன். மூன்றாம் நெப்போலியன் பிரான்சின் பேரரசராய் ஆண்ட காலத்தில் (1852–1870), முத்திரைப்பாளையத்து நீர் நகருக்கு வந்ததன் நினைவாக எழுந்தது அது.

ஆயி என்பாள் ஒரு கணிகை. அவளது மாளிகையைக் கோயிலென மயங்கித் தொழுத கிருஷ்ணதேவராயர், உண்மை அறிந்ததும் வெகுண்டு, அதனை இடிக்க ஆணையிட்டார் என்பது செவிவழிச் செய்தி. அவளோ தானே அதனை இடித்து, அவ்விடத்தே ஊருக்குக் குளம் வெட்டினாளாம்.

ஆணையிட்ட வேந்தருக்கன்று, வீடிழந்த அப்பெண்ணுக்கே அங்கு மண்டபம் நிற்கிறது. புதுச்சேரி அரசின் இலச்சினையிலும் அதுவே பொலிகின்றது. இழிந்தோர் யார், உயர்ந்தோர் யார் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.